ஆமென் முக்கு

2002 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மதியம், அட்லாண்டாவில் நான் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் வாசலில் அக்கா குடும்பம் மூட்டைமுடிச்சோடு வந்து இறங்கியது. அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், ரைஸ் குக்கர், இட்லிச் சட்டி, ஒரு மூட்டை அரிசி. கடன்காரனுக்குப் பயந்து ஊரைக் காலிசெய்து வந்தவர்கள் மாதிரி இருந்தது.

“ஒரு வாரம் இங்கதான் தம்பி” என்றாள் அக்கா. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்களாம். யாருக்கு என்றேன். சிகாகோவிலிருந்து எட்டுப் பேர், கோல்ஃப் பார்க்க வந்திருக்கிறார்களாம். ஒரு வாரத்துக்கு அவர்கள் கொடுத்த தொகையை அத்தான் சொன்னபோது, நான் ஆராய்ச்சி உதவியாளனாக மூன்று மாதம் உழைத்து வாங்கும் சம்பளம் நினைவுக்கு வந்தது.

அக்கா இருப்பது அகஸ்டாவில். அட்லாண்டாவிலிருந்து கிழக்கே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். சவான்னா ஆற்றங்கரை ஊர். மருத்துவக் கல்லூரி உண்டு, அக்காவின் வேலை அதையொட்டித்தான். ஆண்டில் 51 வாரம் அந்த ஊர் தன்பாட்டில் தூங்கும். ஏப்ரலில் ஒரு வாரம் மட்டும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டிக்காக உலகமே அங்கே வந்து நிற்கும். பள்ளிக்கூடங்களின் வசந்த விடுமுறை அந்த வாரத்துக்கே வரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் பலர் வீட்டைத் துடைத்துப் பெருக்கி, வந்தவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்கோ உறவினர் வீட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில், குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 14 நாளுக்கு மிகாமல் வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்துக்கு வரி கிடையாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குப் பேச்சுவழக்கில் ‘அகஸ்டா விதி’ என்றே பெயர். அந்த விதியை அத்தான் வேதம்போல ஒப்பிப்பார்.

ஆக, மாஸ்டர்ஸ் எனக்கு முதலில் அறிமுகமானது என் குளியலறையில் வரிசையில் நிற்கவைத்த தொல்லையாகத்தான்.

அந்த வாரம் அத்தான் என் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள் ஆட்டம். “மாப்ள, இது பார் நாலு. நாலு அடியில பந்து குழியில விழணும். மூணுல போட்டா பேர்டி, அஞ்சாச்சுன்னா போகி. இவ்வளவுதான் விளையாட்டே.” இவ்வளவுதான் என்றால் ஏன் ஊரே வீட்டைக் காலிசெய்கிறது என்று நான் கேட்கவில்லை. தாழையூத்தில் சிமெண்ட் தூசிக்கு நடுவே கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். பந்து அசையாமல் கிடக்க, அதை ஒருவர் கால்மணி நேரம் உற்றுப்பார்ப்பது விளையாட்டா என்ற இளக்காரம் இருந்தது. அந்த ஞாயிறு டைகர் உட்ஸ் மூன்றாம் முறையாக வென்று, வெற்றியாளருக்குத் தரும் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். நான் தூங்கிவிட்டேன்.

தூக்கம் கலைந்தது 2004இல். அதற்குள் இது வருடாந்தர வழக்கமாகிவிட்டது. சிகாகோ எட்டுப் பேர் அங்கே, அக்கா குடும்பம் இங்கே. அந்த வருடம் ஒளிபரப்பில் விளம்பரமே இல்லை, அதற்கு முந்தைய வருடமும் இல்லை. அதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன். விளம்பரம் இல்லாததால் எழுந்து போகச் சாக்கு கிடைக்காமல் நானும் உட்கார்ந்திருந்தேன். எர்னி எல்ஸ் தன் ஆட்டத்தை முடித்துவிட்டுப் பயிற்சித் திடலில் காத்திருக்கிறார். பெரிய போட்டி எதையும் அதுவரை வென்றிராத ஃபில் மிக்கெல்சன் 18ஆம் குழியில் நிற்கிறார். 18 அடி தூரம். உள்ளே போனால் வெற்றி, போகாவிட்டால் எல்ஸுடன் மீண்டும் ஆட வேண்டும். பந்து குழியின் இடது உதட்டைத் தடவிச் சுற்றி உள்ளே விழுந்தது. மிக்கெல்சன் குதித்தார். தரையிலிருந்து எத்தனை அங்குலம் எழும்பினார் என்று பிறகு பலரும் கேலிசெய்த குதி அது.

ஆனால் என்னைப் பிடித்தது குதி அல்ல. அங்கே பயிற்சித் திடலில் நின்ற எல்ஸ். அவர் எதையும் பார்க்கவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே தன் கதை முடிந்தது என்று தெரிந்துகொண்டார்.

என் ஆச்சியும் அப்படித்தான். திருநெல்வேலி டவுனில் ஆச்சி வீடு. ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஓடும் நாளில் எங்களையெல்லாம் ரத வீதிக்கு அனுப்பிவிட்டு, முழங்கால் வலியோடு திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாள். கையால் மட்டுமே இழுக்கும் தேர். நாங்கள் திரும்பி வந்து கதை சொல்லத் தொடங்குவதற்குள் அவளே சொல்வாள்: “வாகையடி முக்குல ஒரு மணி நேரம் நின்னுட்டு, என்ன? சந்திப் பிள்ளையார் முக்குல சுளுவா திரும்பிட்டு.” கொட்டுச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், இரைச்சல் நின்றுபோகும் நேரம் இவ்வளவையும் வைத்தே தேர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவாள். முக்கில் தேர் திரும்பும்போது வரும் சத்தம் வேறு, நேர் வீதியில் ஓடும்போது வரும் சத்தம் வேறு.

எல்ஸின் முகத்தைப் பார்த்ததும் ஆச்சி ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து நான் அந்தப் போட்டியைக் காதால் பார்க்கத் தொடங்கினேன்.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்ததும்தான் அது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரிந்தது. நான்கு நாள் ஆட்டத்துக்கும் சேர்த்துத் தரும் ‘பேட்ஜ்’ ஒன்று உண்டு. அதற்குக் காத்திருப்போர் பட்டியலை 1972இல் தொடங்கினார்கள், 1978இல் மூடினார்கள். 2000இல் சிறிது காலம் திறந்து மறுபடி மூடிவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சம் குலுக்கல்தான். ஆண்டுதோறும் விண்ணப்பித்தேன். ஆண்டுதோறும் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. வேலை கிடைத்து, கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த வருத்தக் கடிதம் மட்டும் நிற்கவேயில்லை. கடைசியில் 2012க்குப் பயிற்சி நாள் ஒன்றுக்கான இரண்டு டிக்கெட் விழுந்தது. திங்கட்கிழமை. மனைவி தன் டிக்கெட்டை அத்தானுக்கு விட்டுக்கொடுத்தாள். பத்து வருடம் அந்த ஊரில் வாழ்ந்தும் அத்தான் அந்தக் கேட்டுக்குள் கால் வைத்ததில்லை.

வெளியே வாஷிங்டன் ரோடு. அதில் ஓட்டல்கள், டயர் கடை, பெட்ரோல் பங்க், எந்த அமெரிக்க ஊரிலும் பார்க்கக்கூடிய அலங்கோலம். வேலிக்கு அந்தப் பக்கம் போனால் அப்படியொரு பச்சை. கிளப் வருவதற்கு முன்னால் அது பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பத்தின் நாற்றுப் பண்ணை. அதனால் 18 குழிகளுக்கும் செடி, மரங்களின் பெயர்: கமேலியா, அசேலியா, ரெட்பட், ஹோலி. பாபி ஜோன்ஸும் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸும் அந்த நிலத்தில் கிளப்பைத் தொடங்கி 1934இல் முதல் போட்டியை நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டி நின்று, திடலில் மாடும் வான்கோழியும் வளர்த்தார்கள். மாடுகள் அசேலியாச் செடிகளைக் கடித்துத் தீர்த்துவிட்டனவாம். இந்தச் செய்தி எனக்கு அந்த இடத்தின்மேல் தனிப் பிரியத்தை உண்டாக்கியது.

டிவி ஒன்றை மறைத்துவிடுகிறது. அது மேடுபள்ளம். பத்தாம் குழியில் ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கும் கொடி நிற்கும் இடத்துக்கும் இடையே 100 அடி அளவுக்கு இறக்கம். அதன் மேலே நின்று பார்த்த அத்தான், “குற்றால மலையில இருந்து எறங்குற மாதிரி இருக்கே மாப்ள” என்றார். மற்ற பெரிய போட்டிகள் மூன்றும் வருடத்துக்கொரு ஊராக மாறும். இது மட்டும்தான் எப்போதும் இங்கேயே நடப்பது. அதனால் நான் பார்த்தேயிராத அந்தத் திடலில் எனக்கு வழி தெரிந்திருந்தது. எந்த மேட்டில் பந்து விழுந்தால் எந்தப் பக்கம் உருளும் என்பதுகூடத் தெரியும், பிறந்த தெருவில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிவதுபோல.

உள்ளே பல விதிகள். ஓடக் கூடாது, வேகமாக நடக்கலாம். நம்மை ரசிகர்கள் என்று சொல்ல மாட்டார்கள், ‘பேட்ரன்’, அதாவது புரவலர். 1966இல் தொலைக்காட்சி வர்ணனையாளர் ஜாக் விட்டேக்கர் கூட்டத்தைக் கும்பல் என்று சொன்னதற்காகச் சில ஆண்டுகள் இந்தப் போட்டிப் பக்கமே வர முடியாமல் போனது. கைபேசிக்குத் தடை. அவசரமென்றால் சுவரில் வரிசையாகத் தொலைபேசிகள் இருக்கின்றன, இலவசம். காரமில்லாத சிவப்பு மிளகாயும் பாலாடைக்கட்டியும் பிசைந்து தடவிய சாண்ட்விச் பச்சை உறையில் ஒன்றரை டாலர். விமான நிலையத்தில் தண்ணீர் பாட்டிலே மூன்று டாலர் விற்ற நேரம் அது. சுவை சுமார்தான், அத்தான் நான்கு தின்றார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது நாற்காலி. காலையில் உள்ளே போனதும் உங்கள் மடக்கு நாற்காலியை வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு, பெயரைச் செருகிவிட்டு, நாள் முழுக்க ஊர் சுற்றலாம். ஒருவரும் அதை நகர்த்த மாட்டார்கள். யாராவது அதில் உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் வந்ததும் எழுந்துவிடுவார்கள். நம் ஊரில் பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடிக்கிறோமே, அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே துண்டுக்காகச் சண்டை வருவதில்லை.

மதியம் 16ஆம் குழியில் உட்கார்ந்திருந்தோம். குளத்துக்கு அந்தப் பக்கம் கொடி. பயிற்சி நாட்களில் ஆட்டக்காரர்கள் பந்தைத் தண்ணீர்மேல் தத்தவிட வேண்டும் என்பது வழக்கம். கூட்டம் கத்திக் கேட்கும். தாமிரபரணியில் ஓட்டாஞ்சில்லு எறிந்து எத்தனை தத்தல் என்று எண்ணுவோமே, அந்த ஆட்டம்தான். 2009இல் ஃபிஜி இந்தியர் விஜய் சிங் அப்படித் தத்தவிட்ட பந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்லில், ஏறி உருண்டு குழிக்குள்ளேயே போய்விட்டது. கோடிகளில் சம்பாதிக்கும் மனிதர்கள் ஆற்றங்கரைப் பையன்களாக மாறும் ஒரே இடம்.

இதையெல்லாம் எழுதும்போதே உள்ளே ஒன்று உறுத்துகிறது.

1934இல் தொடங்கிய போட்டியில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் லீ எல்டர் ஆடியது 1975இல்தான். மிரட்டல்கள் வந்ததால், அந்த வாரம் எங்கே தங்கியிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாதிருக்க அவர் அகஸ்டாவில் இரண்டு வீடு எடுத்திருந்தார். என் அக்கா வீட்டை வாடகைக்கு விட்டதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லும் போதெல்லாம் அந்த இரண்டு வீடுகளும் நினைவுக்கு வரும். கிளப்பில் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாக உறுப்பினரானது 1990இல். 2002இல் மார்த்தா பர்க் என்ற பெண்ணுரிமைத் தலைவர், பெண்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டார். கிளப் தலைவர், துப்பாக்கிக் கத்தியை நீட்டி மிரட்டினால் பணிய மாட்டோம் என்ற பொருளில் பதில் சொன்னார். விளம்பரதாரர்களுக்கு நெருக்கடி வரும் என்பதால் விளம்பரமே வேண்டாம் என்றார்கள். நான் 2004இல் இடைவெளியில்லாமல் ரசித்துப் பார்த்த ஒளிபரப்பின் பின்கதை இதுதான். காண்டலீசா ரைஸும் டார்லா மூரும் உறுப்பினரானது 2012 ஆகஸ்டில். நான் முதன்முதலாக உள்ளே போய்ச் சாண்ட்விச் தின்று நான்கு மாதம் கழித்து.

ஆட்டக்காரரின் பையைத் தூக்கி வருபவருக்குக் கேடி என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தத்தால் அத்தான் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா திடுக்கிடுவாள். 1982 வரை, வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அந்த ஊர்க் கறுப்பின ஆண்கள், வெள்ளை முழு அங்கி போட்டவர்கள். அந்தப் புல்லின் ஒவ்வொரு சரிவும் அவர்கள் உள்ளங்காலில் இருந்தது. 14 வயதில், 1961இல் மாஸ்டர்ஸில் முதன்முதலாகப் பை தூக்கிய கார்ல் ஜாக்சன் மொத்தம் 54 மாஸ்டர்ஸில் கேடியாக நடந்தவர். 1995இல் தன் குருவை அடக்கம் செய்துவிட்டு வந்த பென் கிரென்ஷாவுக்கு, பந்தைச் சற்றுப் பின்னால் வைத்து நில், தோளை இறுக்கமாகத் திருப்பு என்று சொல்லிக்கொடுத்தது ஜாக்சன். கிரென்ஷா வென்று, 18ஆம் கிரீனில் குனிந்து அழுதபோது தாங்கிப் பிடித்ததும் அவர்தான். பச்சைக் கோட்டு ஒருவருக்குத்தான்.

இதற்காக இந்தப் போட்டியை வெறுக்க வேண்டாமா என்று என் மகள் கேட்டிருக்கிறாள். தேர் வடத்தை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று கண்டதேவியில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். ஆச்சியின் திண்ணையை நான் எப்படி விடாமல் வைத்திருக்கிறேனோ அப்படித்தான் இதுவும் என்றேன். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ஒப்புக்கொள்ளாதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். அவருடைய கணவர் அறுபதுகளிலேயே, டிக்கெட்டுக்கு இவ்வளவு அடிதடி வருவதற்கு முன்பே, இரண்டு பேட்ஜ் வாங்கி வைத்தவர். கணவர் இறந்தால் மனைவி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகாது. நிலபுலன், நகை எல்லாம் மகனுக்கு எழுதிவைத்தேன், இதை மட்டும் எழுத முடியவில்லை என்று அந்த அம்மா சிரிப்பார். வழக்கமாக மகன்தான் உடன் போவார். 2019இல் அவரால் வர முடியவில்லை. அதற்குள் அக்கா வீட்டை வாடகைக்கு விடுவதை நிறுத்தியிருந்தாள், நாங்கள் அங்கே போயிருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கேட்டார்: “நாளைக்கு நாற்காலி தூக்க ஒரு ஆள் வேண்டும். வருகிறாயா?”

மறுநாள் ஏப்ரல் 14. சித்திரை விசு. விகாரி வருடம் பிறக்கிறது. பிற்பகலில் இடி மழை வரும் என்று முன்னெச்சரிக்கை வந்ததால், ஆட்டத்தைக் காலையிலேயே தொடங்குவதாக அறிவித்திருந்தார்கள். இருவர் இருவராக அல்லாமல் மும்மூவராக ஆடுவார்கள், கடைசிக் குழு 9.20க்கே கிளம்பும். அக்கா விடியுமுன் எழுந்து கண்ணாடி, பழத்தட்டு, கொன்றைக்குப் பதிலாக வாசலில் பூத்த ஏதோ மஞ்சள் பூ எல்லாம் வைத்துக் கனி காட்டினாள். வேப்பம்பூப் பச்சடியை நின்றபடியே விழுங்கிவிட்டு, இரண்டு நாற்காலிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த அம்மாவின் நடைக்கு ஈடுகொடுக்கத் திணறியபடி போனேன். அவருக்கு அப்போது 78 வயது.

16ஆம் கிரீனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டோம். அவர் 12ஆம் குழிப் பக்கம் போகவேயில்லை. நான் ஆமென் கார்னரைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தேன். 11ஆம் குழியின் பின்பாதி, 12, 13ஆம் குழியின் முன்பாதி, மூன்றும் ஓடையோரம் வளைந்து திரும்பும் இடம். 1958இல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்ற எழுத்தாளர் வைத்த பெயர். வீட்டில் எங்களுக்கு அது ஆமென் முக்கு. வருடா வருடம் தேர் சிக்கிக்கொள்ளும் இடம். “உட்கார். இங்கிருந்தே தெரியும்” என்றார் அந்த அம்மா. எதிரே மரங்கள்தான் இருந்தன.

காதில் கருவி மாட்டியவர். ஆனாலும் ஒவ்வொரு ஆரவாரத்துக்கும் தலையைச் சற்றுச் சாய்ப்பார். “பேர்டி. ஆனால் டைகர் இல்லை.” சில நிமிடம் கழித்து வெள்ளை ஸ்கோர் பலகைக்குப் பின்னாலிருந்து யாரோ ஒருவர் கையால் எண்ணை மாற்றுவார், அவர் சொன்னது சரியாக இருக்கும். பாருக்குக் குறைவாக ஆடுபவர்களின் எண் சிவப்பு, கூடுதலாக ஆடுபவர்களுக்குப் பச்சை. கையில் போன் இல்லாத பல்லாயிரம் பேர் அந்தப் பலகையின் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் காலத்தில் ஒரு செய்திக்காக இவ்வளவு பேர் சேர்ந்து காத்திருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இத்தாலியர் ஃபிரான்செஸ்கோ மொலினாரி டைகரைவிட இரண்டு அடி முன்னிலையில் 12க்கு வந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குழி 155 கஜம்தான். நன்றாக ஆடும் பள்ளி மாணவன்கூட அடித்துவிடுவான். காற்று மட்டும் அங்கே ஒரு பக்கமாக அடிப்பதில்லை.

அப்போது கிழக்கு மேற்குத் தெரியாமல் மரங்களுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம். ஆரவாரம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக மூச்சை இழுத்து, விடாமல் நிறுத்திக்கொண்டதுபோல. பிறகு அடித்தொண்டையில் ஒரு முனகல். தேர்ச் சக்கரம் தடிக்கட்டையில் மோதி நிற்கும்போது வருமே, அது.

“யாரோ தண்ணீரில் போட்டுவிட்டார்கள்” என்றார் அந்த அம்மா.

பலகையில் மொலினாரியின் வரிசை ஜன்னல் திறந்தது. சிவப்பு 13ஐ எடுத்தார்கள். வெற்றுச் சட்டம். எங்கள் பக்கக் கூட்டமே எழுந்துவிட்டது. சிவப்பு 11. டைகருக்கும் 11. அந்த எண் உள்ளே செருகப்பட்ட நொடியில் எழுந்த கூச்சலில் என் பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த பீர் என் சட்டையில் பாதி வந்துவிட்டது. கடைசி இரண்டு குழுக்களின் ஆறு பேரில் நான்கு பேர் அந்த ஓடையில் பந்தைப் போட்டார்கள் என்பது பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. டைகர் கொடியைப் பார்க்காமல் இடப்பக்கம், கிரீனின் நடுவில் பத்திரமாகப் போட்டிருந்தார். 43 வயது, முதுகில் நான்கு அறுவைசிகிச்சை, பத்து வருடத்துக்கு மேலாகப் பெரிய போட்டி எதிலும் வெற்றி இல்லை.

15இல் மொலினாரி மறுபடி தண்ணீர். டைகருக்குப் பேர்டி, இப்போது தனி முன்னிலை. பிறகு எங்கள் 16. அந்தப் பந்து கிரீனின் வலப்பக்க மேட்டில் விழுந்தது. ஒரு கணம் அங்கேயே நிற்பதுபோல் இருந்து, மெல்லச் சரிவில் இறங்கத் தொடங்கியது. அந்த இறக்கம் எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பந்து உருள உருளச் சத்தம் ஏறியது. யாரோ ஒலிப்பெருக்கியின் திருகைப் பந்தோடு கட்டிவைத்திருப்பதுபோல. குழியை உரசிக்கொண்டு போய் இரண்டு மூன்று அடி தள்ளி நின்றது. நான் என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, தமிழில் கத்தினேன் என்பது மட்டும் தெரியும். அந்த அம்மா காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

எல்லாம் முடிந்து, 1997இல் தன் அப்பாவைக் கட்டிக்கொண்ட அதே இடத்தில் டைகர் தன் மகனைக் கட்டிக்கொண்டார் என்பதை மாலையில் டிவியில்தான் பார்த்தோம். திரும்பி நடக்கும்போது அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கார் பக்கம் வந்தபோது சொன்னார். 1975இல் லீ எல்டர் நடந்து வந்தபோது தானும் கணவரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். “நல்லதொரு காரியம் செய்ததாக வீட்டுக்குப் போனோம். அதற்கு முன்னால் 40 வருடம் ஏன் யாரும் வரவில்லை என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவேயில்லை.” எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நாற்காலிகளை டிக்கியில் வைத்தேன்.

2020இல் கொரோனாவால் போட்டி நவம்பருக்குப் போனது, கூட்டம் இல்லாமல் நடந்தது. டஸ்டின் ஜான்சன் 20 பார் குறைவாக ஆடிச் சாதனை படைத்தார். எனக்கு அதில் ஒரு அடிகூட நினைவில் இல்லை. சத்தமில்லாத தேரோட்டம். அடுத்த ஏப்ரலில் லீ எல்டரை அழைத்து, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் மூவரில் ஒருவராக உட்காரவைத்தார்கள். உடல்நிலை இடம்கொடுக்கவில்லை, அவரால் அடிக்க முடியவில்லை, மட்டையை மட்டும் தூக்கிக் காட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். அந்த வருடம்தான் ஹிடெக்கி மட்சுயாமா வென்றதும், அவருடைய கேடி கொடியைத் திரும்ப நட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் திடலைப் பார்த்துக் குனிந்து வணங்கியதும். அதைப் பார்த்து அத்தான் அழுதார். 2023இல் தெலுங்கு வீட்டுப் பிள்ளை சாகித் தீகலா 16இல் வெளியிலிருந்து தட்டிய பந்து குழியில் விழுந்தபோதும் அழுதார். “நம்ம பையன்ல” என்றார். அமெரிக்காவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டால் விஜயவாடாவும் வீரவநல்லூர் ஆகிவிடும்.

பக்கத்து வீட்டு அம்மா 2022இல் காலமானார். பேட்ஜ் கிளப்புக்குத் திரும்பிப் போனது. மகன் நாற்காலி ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

இப்போதும் ஏப்ரலில் நாங்கள்தான் அக்கா வீட்டுக்குப் போகிறோம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அகஸ்டாவைப் புரட்டிப்போட்டது. திடலிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அக்கா வீட்டுக் கொல்லையில் மூன்று பைன் மரங்கள் போய்விட்டன. திடல் அங்கிருந்து ஒரு மைலுக்கும் குறைவு. மரங்கள் போனதாலோ என்னவோ, 2025 ஏப்ரல் 13, ஞாயிறு சாயங்காலம், கொல்லையில் அந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபோது சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

உள்ளே அத்தான் கணினி வழியே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் படம் வந்துசேர அரை நிமிடத்துக்கு மேல் தாமதம். எனக்கு முதலில் சத்தம் வரும், பிறகு உள்ளேயிருந்து அத்தானின் குரல் வரும். ரோரி மெக்கில்ராய் 2011இல் நான்கு அடி முன்னிலையோடு வந்து கடைசி நாளில் 80 அடித்து நொறுங்கிய இடம் அது. நான்கு பெரிய போட்டிகளில் அவருக்கு மிச்சம் இருந்ததும் இது ஒன்றுதான். 13இல் முனகல். அத்தான், “அட, தண்ணில போட்டுட்டானே!” பிறகு ஆரவாரம், மறுபடி முனகல். 18இல் ஐந்தடிப் பந்து தவறியபோது வந்த முனகல் நீண்டுகொண்டே போனது. ஜஸ்டின் ரோஸோடு சமன். மறுபடி 18ஐ ஆட வேண்டும்.

அந்த நேரம் அம்மா போனில் வந்தாள். ஊரில் திங்கள் விடிகாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், விசுவாவசு வருடம் பிறக்கும் நாள். கனி காட்டுகிறேன், கண்ணை மூடிட்டு வா என்றாள். மூடினேன். அவள் தட்டைச் சரிசெய்யும் சத்தம், கண்ணாடி தட்டில் உரசும் சத்தம். “இப்ப தொற” என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது மரங்கள் இல்லாத பக்கத்திலிருந்து அது வந்தது. நான் இதுவரை கேட்ட எதிலும் சேராத ஒன்று. நிற்கவேயில்லை.

“ஏய்யா, அங்க என்ன அது சத்தம்?”

கண்ணைத் திறந்தேன். சின்னத் திரையில் மாம்பழம், கொன்றை, கண்ணாடி, கண்ணாடியில் கொஞ்சம் அம்மா. ஜன்னல் வழியே உள்ளே பார்த்தேன். அத்தான் சோபாவின் நுனியில், இரண்டு கையையும் கூப்பி வாயில் வைத்தபடி இருந்தார். அவருக்கு அந்தப் பந்து இன்னும் குழிக்குச் சில அடி தள்ளி நின்றுகொண்டிருந்தது.